ஹென்ட்ரிக்ஸ் சவுண்ட்: ஃபஸ் பெடல் இருந்தும் ஏன் வரவில்லை?

ஆறுதந்தி:
ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் சவுண்டைத் தேடுகிறேன். என்னிடம் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) கிட்டார், ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸ் வகை பெடல் (ஒலியைக் கரகரப்பாக்குவது), 15 வாட் ஆம்ப். வரிசை: ட்யூனர், வா (காலால் மிதித்து ஒலியின் நிறத்தை மாற்றும் பெடல்), ஃபஸ். ஃபஸ் ஆன் செய்தால் காதைக் கிழிக்கிறது, வா மிதித்தால் விசில் அடிக்கிறது. இப்போது பேட்டரியில் ஓடுகிறது. மற்ற பெடல்களின் அடாப்டரிலேயே கோர்க்கலாமா?
இன்னொரு கேள்வி. 1970 செப்டம்பரில் 27 வயதில் இறந்த ஹென்ட்ரிக்ஸிடம் இன்றும் எல்லா ராக் கிட்டாரிஸ்டும் பாடம் கேட்கிறார்கள். அவரிடம் முதலில் கற்க வேண்டியது எது?

சோல்டர்புகை:
அடாப்டரில் கோர்க்காதீர்கள். பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்ட பழைய சர்க்யூட் பாசிட்டிவ் கிரவுண்ட் (பேட்டரியின் பிளஸ் முனை கிரவுண்டில்). மற்ற பெடல்களோடு ஒரே வயரில் வந்தால் ஷார்ட் ஆகும். ஐசோலேட்டட் அவுட்புட் (மற்றவற்றோடு கிரவுண்ட் சேராத தனி சப்ளை) வேண்டும், இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரியே போதும். மின்சாரம் மிகக் குறைவாகத்தான் இழுக்கும். வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள்.

ட்யூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் தள்ளுங்கள். ஃபஸ் ஃபேஸின் இன்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) ரொம்பக் குறைவு. பிக்கப் நேரடியாக அதில் இணைந்தால்தான் உச்சிக் குரல் (ட்ரெபிள்) மென்மையாகும், கிட்டார் வால்யூமை 6, 7-க்கு இறக்கினால் சவுண்ட் தெளியும். ட்யூனரில் பஃபர் (முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பிரித்துவைக்கும் சிறு சர்க்யூட்) இருந்தால் இரண்டும் போய்விடும். ஹென்ட்ரிக்ஸ் வாவை ஃபஸ்ஸுக்கு முன்னால்தான் வைத்தார். அங்கும் அதே குறைந்த இம்பீடன்ஸ்தான் வாவின் ஃபில்டரை அமுக்கி விசில் கிளப்புகிறது. வா ஆனில் இருக்கும்போது மட்டும் இயங்கும் ஒரு பஃபரை அதன் அவுட்புட்டில் போட்டால் சரியாகும்.

ஆம்பைச் சுத்தமாக வைத்து ஃபஸ்ஸை மட்டும் ஏற்றினால் குளவிக்கூடு மாதிரிதான் கேட்கும். அவருடைய 100 வாட் மார்ஷல் ஏற்கெனவே உடையும் (ஒலி கரகரக்கத் தொடங்கும்) நிலையில் இருந்தது. ஆம்பை லேசாக உடையும் வரை ஏற்றுங்கள், பெடலில் ஃபஸ் குமிழ் முக்கால், மீதியைக் கிட்டார் வால்யூமில் செய்யுங்கள்.

சூட்டில் ஜெர்மேனியத்தின் லீக்கேஜ் (மின்கசிவு) கூடி பயஸ் (டிரான்சிஸ்டரின் இயங்கு வோல்டேஜ்) நகரும், நோட் பாதியில் அறுந்து விழும். உள்ளே ட்ரிம் (திருகிச் சரிசெய்யும் குமிழ்) இருந்தால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனை வோல்டேஜை 4.5 வோல்ட் அருகே கொண்டுவாருங்கள். இந்தத் தொல்லை சிலிக்கான் டிரான்சிஸ்டரில் குறைவு.

கட்டைவிரல்:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இடது கை கட்டைவிரல். (அவர் இடதுகைக்காரர், அவருக்கு அது வலது கை.) ஃபஸ் இல்லாத அவருடைய 'லிட்டில் விங்' பாட்டைக் கேளுங்கள். ஒரே கையில் பேஸ், கார்டு, மெலடி மூன்றும் நடக்கின்றன. சோல் பாடகர், கிட்டாரிஸ்ட் கர்டிஸ் மேஃபீல்டின் ரிதம் வாசிப்பை எடுத்து விரித்த வழி அது. ரிதம் கிட்டார், லீட் கிட்டார் என்ற பிரிவையே அவர் கரைத்துவிட்டார். ஸ்டீவி ரே வாகன், ஜான் ஃப்ருஷியாண்டே, ஜான் மேயர் போன்ற பிந்தைய கிட்டாரிஸ்டுகள் எல்லோரும் அங்கிருந்துதான் கிளம்புகிறார்கள்.

ஜி கார்டு: 6-ஆம் ஸ்ட்ரிங் 3-ஆம் ஃப்ரெட்டில் கட்டைவிரல். அதன் நுனி 5-ஆம் ஸ்ட்ரிங்கைத் தொட்டு ஊமையாக்கும். 4-இல் 5-ஆம் ஃப்ரெட் மோதிரவிரல், 3-இல் 4-ஆம் ஃப்ரெட் நடுவிரல், 2, 1-ஆம் ஸ்ட்ரிங் இரண்டையும் 3-ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். சுண்டுவிரல் சும்மா இருக்கிறது, அதுதான் சொத்து! 2-ஆம் ஸ்ட்ரிங்கில் 3-இலிருந்து 5-க்கு அதால் ஹேமர் செய்யுங்கள் (மீட்டாமல் விரலால் தட்டி ஒலிக்கவைப்பது), பேஸ் ஒலித்துக்கொண்டே இருக்கட்டும்.

ஆறுதந்தி:
வரிசை மாற்றியதும் காதைக் கிழிப்பது நின்றுவிட்டது, நன்றி. கட்டைவிரல்தான் எட்டவில்லை.

கட்டைவிரல்:
உள்ளங்கையை நெக்கோடு ஒட்டி, மணிக்கட்டை நேராக வையுங்கள். நின்று வாசித்தால் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 010 செட் (மெல்லிய ஸ்ட்ரிங் 0.010 அங்குலம்) போட்டு எல்லா ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். 'லிட்டில் விங்' ரெக்கார்டும் அந்த ட்யூனிங்தான், ஸ்ட்ரிங் தளர்ந்து அழுத்தம் குறையும். அப்போதும் எட்டாவிட்டால் 6-ஆம் ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு 4 முதல் 1 வரையிலான நான்கை மட்டும் வாசியுங்கள், பேஸ் கிட்டாரிஸ்ட் பார்த்துக்கொள்வார். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.