சாவியைத் திருப்பிக் கொடுத்த வீடு

திருச்சிப் பொன்மலை உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம்மில் ஒருவர் சென்ற மாதம் எழுதிய மடல் என் மனத்தை விட்டு அகலவில்லை. தாத்தாவின் ஊர் எது என்று பேரன் கேட்க, பொன்மலை என்று இவர் சொல்ல, அங்கே நம் வீடு எது என்று அவன் அடுத்துக் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் போனதாக அவர் எழுதியிருந்தார். நம் எல்லோருடைய நிலையும் அதுதான். மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்திருந்தாலும் அந்தக் குடியிருப்புக்குள் நம்மில் யாருக்கும் சொந்தமாக ஒரு வீடு இருந்ததில்லை, இருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ். வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தைச் சொந்த ஊர் என்று நாம் எந்த உரிமையில் சொல்லுகிறோம் என்பதை என் குடும்பத்துக் கதையை வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

என் தாத்தா நாகப்பட்டினத்துக்காரர். தென்னிந்திய ரயில்வேயின் தலைமைப் பட்டறை அந்நாளில் நாகப்பட்டினத்தில் இருந்தது. அங்கே கொல்லுப் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர் அவர். பல ஊர்களில் பிரிந்து கிடந்த பட்டறை வேலைகளை ஓரிடத்தில் சேர்ப்பது என்று முடிவெடுத்ததன் பேரில் எழுந்ததுதான் நம் பொன்மலைப் பட்டறையும், அதைச் சுற்றி வரைபடத்தில் கோடு போட்டுக் கட்டிய குடியிருப்பும். 1928இல் வேலைகள் இங்கே மாறின. பட்டறைகள் ஒன்றாகும்போது ஆட்கள் மிஞ்சுவார்கள் என்பது நிர்வாகக் கணக்கு. அந்த ஆட்குறைப்பை எதிர்த்து அதே ஆண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் அவர்களுக்குத் துணை நின்று சிறை சென்றார். நம் ஊரின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பட்டறையின் பரப்பையும் பெருமையையும் சொல்லித் தொடங்குவது வழக்கம். அந்த வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்குவதே நியாயம் என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் நமக்குக் கிடைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் வேலை கிடைக்காமல் போன ஒருவரின் வீடு எங்கோ இருந்திருக்கிறது. தாத்தாவின் வேலை நிலைத்தது. ஆனால் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

பாட்டி ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு சாக்குக் கருவாட்டோடும் வந்து இறங்கியதாகச் சொல்லுவார். கடலைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பாறையும் செம்மண்ணும் பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் வரை அவர் பேச்சில் "ஊர்" என்றால் நாகப்பட்டினம். பொன்மலைக்குப் பெயர் கிடையாது, "இங்கே" மட்டும்தான்.

நாங்கள் இருந்தது வடக்கு டி. வெளியார் காதுக்கு இது ஒரு முகவரியாகவே படாது. வடக்கு டி, தெற்கு டி, ஜி கார்னர், ஆர்மரி கேட் என்று சொன்னால் நமக்கோ தெருமுனை மரம் முதற்கொண்டு கண்ணில் நிற்கும். வீட்டின் வகையே வேலையின் படியைச் சொல்லியது. அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வராந்தா வைத்த வீடு, எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் அறையும் அடுக்களையும் பின்புற முற்றமும் கொண்ட வரிசை வீடு. ஒரு பையன் தன் வீடு எங்கே என்று சொன்னால் அவன் அப்பாவின் சம்பளம் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். எல்லோரும் ஒரு தாய் மக்களாக வாழ்ந்தோம் என்று எழுதினால் அது உண்மையாகாது.

இருந்தாலும் ஒரு வரிசைக்குள் நடந்தது வேறு. வீடு காலியாகும் முறைப்படி, பதிவு வரிசைப்படிதான் குடும்பங்கள் வந்தன. எந்த ஊர், எந்தச் சாதி என்று பார்த்து வரவில்லை. எங்களுக்கு இடப்பக்கம் பாலக்காட்டுக் குடும்பம், வலப்பக்கம் ஆவணி பிறந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் குடும்பம், எதிரே தெலுங்கு பேசுகிறவர்கள். பூர்வீக ஊரில் இருந்திருந்தால் வெவ்வேறு தெருவில், வெவ்வேறு கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டியவர்கள் இங்கே ஒரே குழாயில் குடம் வைத்தார்கள். இது எளிதில் நடந்துவிடவில்லை. பாட்டியே முதலில் தம் குடத்தைத் தள்ளி வைத்துக் காத்திருந்தவர்தான். என் அப்பா பிறந்த இரவில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து தொப்புள்கொடி அறுத்த பிறகு அந்த வழக்கத்தை விட்டுவிட்டதாக அவரே என்னிடம் சொன்னார்.

அப்பா 1947இல் பட்டறையில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது பாய்லர் ஷாப். நீராவி எஞ்சினின் கொதிகலனைப் பிரித்து, தேய்ந்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு பொருத்தி ரிவிட் அடிக்கிற இடம் அது. கொதிகலனுக்குள் ஒருவர் உட்கார்ந்து தாங்கு கொடுக்க, வெளியிலிருந்து மற்றவர் அடிப்பார்; உள்ளே இருப்பவரின் காதில் அந்தச் சத்தம் எப்படி இறங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாற்பது வயதுக்குள் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் எங்களோடு பேசியதெல்லாம் உரத்த குரலில்தான். விருந்தாளிகள் அவர் கோபக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். பாய்லர் ஷாப் பிள்ளைகள் எல்லோருடைய வீட்டிலும் அதே குரல் கேட்டதால் அப்பாக்கள் பேசும் முறையே அதுதான் என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன்.

அவர் செய்த வேலையை நாங்கள் பார்த்தது ஆயுத பூஜை அன்று மட்டும். அன்றைக்குக் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். முதல் நாளே இயந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழிவுப் பஞ்சால் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு லேத்துக்கும் சந்தனம் பூசி வைத்திருப்பார்கள். தலைக்கு மேலே ஓடும் கிரேன் ஒரு முழு எஞ்சினைத் தொட்டில் போலத் தூக்கி நிற்பதையும், ஆள் உயரச் சக்கரங்கள் வரிசையாக நிற்பதையும் பார்த்துவிட்டு வந்தால் எங்களுக்கு இரண்டு நாள் அதே பேச்சுதான். அப்பா என்னைப் பிரித்துவைத்த ஒரு கொதிகலன் அருகே அழைத்துப்போய், உள்ளே வரிசை வரிசையாகச் செல்லும் குழாய்களைக் காட்டி, நெருப்பு எந்த வழியாகப் போகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, ஒரு ரிவிட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று ஆசிரியரைப் போல விளக்கினார். வீட்டில் அவர் அவ்வளவு நேரம் என்னிடம் பேசியதே இல்லை. 2010-களின் தொடக்கத்தில் நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களைப் பொன்மலையிலேயே புதிதாகக் கட்டினார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, அந்தக் கைப்பழக்கம் யாரிடமிருந்து யாருக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலை நேரத்துக்கு ஊதும் பட்டறைச் சங்கைப் பற்றி எழுதாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் கடிகாரம் வந்தது 1966இல். அதுவரை முதல் சங்குக்கு அடுப்பு, இரண்டாம் சங்குக்குச் சாப்பாட்டுத் தூக்கு, மாலைச் சங்குக்கு வெந்நீர் என்றுதான் அம்மாவின் நாள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒழுங்கு மாறும். அன்று எல்லோருடைய கால்களும் சந்தைக்குத்தான் போகும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காய்கறியும் கோழியும் மண்பானையும் வந்து குவிகிற பொன்மலைச் சந்தையில், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறன்று நடக்க இடம் இருக்காது. மாதக் கடைசி ஞாயிறுகளில் அம்மாவுக்குக் கடன் கொடுத்த கீரைக்காரப் பாட்டி கணக்கு எதையும் எழுதி வைத்ததில்லை. அம்மாவும் ஒரு காசு குறைத்துக் கொடுத்ததில்லை.

நம் ஊரின் நெஞ்சில் ஆறாத நாள் 1946 செப்டம்பர் 5. வேலைநிறுத்தக் காலத்தில் தொழிற்சங்கத்தின் கூட்டம் நடக்கும் சங்கத் திடலில் ஆயுதப் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். பாட்டி பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கதவுக்கு முட்டாக அரிசி மூட்டையை நகர்த்தி வைத்ததாகச் சொல்லுவார். தாத்தா திரும்பி வரும்வரை வரிசையில் ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றவில்லையாம். வேளாங்கண்ணியில் கொடியேறித் திருவிழா நடக்கிற அந்த வாரத்தில், ஆண்டுதோறும் ஒரு பக்கம் காவி உடுத்த நடைப்பயணிகளும் மறுபக்கம் திடலுக்குச் செங்கொடி ஏந்திப் போகிறவர்களுமாக நம் சாலை நிறைந்திருந்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். பல வீடுகளில் இரண்டுக்கும் போனவர்கள் இருந்தார்கள்.

1974 மே மாதம் 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது எனக்குப் பதினாறு வயது. அப்பா வீட்டில் தங்கவில்லை. எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த இருபது நாளில் பாலக்காட்டு வீட்டிலிருந்து அரிசியும், எதிர் வீட்டிலிருந்து பருப்பும், எங்கள் முற்றத்து முருங்கையிலிருந்து காயும் கீரையுமாக மூன்று வீட்டுக்கும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். முன்பு ஒதுங்கி நின்ற பாட்டிதான் பந்தி பரிமாறினார்.

பாட்டியின் பேச்சில் சொல் மாறியது அதற்கு அடுத்த ஆண்டு. நாகப்பட்டினத்தில் அவருடைய தம்பி பேத்தியின் திருமணத்துக்குப் போயிருந்தோம். ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லித்தான் வந்தார். மூன்றாம் நாள் காலையில் டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு, "ஊருக்குக் கிளம்பணும்டா, எத்தனை நாள் இங்கேயே இருக்கிறது" என்று என்னிடம் சொன்னார். எந்த ஊர் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பேரனுக்கு விடை தேடிய நண்பருக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். வீட்டுப் பத்திரத்தைக் காட்டி இதை நிரூபிக்க முடியாது. ஆனால் கடற்கரையில் பிறந்த ஒரு பெண், தம் கணவனையும் மகனையும் பட்டறைக்கு அனுப்பி, ஐம்பது ஆண்டுக்கு அருகில் அந்தக் குடியிருப்பில் வாழ்ந்து, அந்தச் சொல்லை நாகப்பட்டினத்திலிருந்து எடுத்துப் பொன்மலைக்குக் கொடுத்தார்.

1986இல் அப்பா ஓய்வு பெற்றார். நம்மவர்கள் பலரைப் போல அவரும் மேலக்கல்கண்டார்கோட்டையில் மனை வாங்கிச் சிறு வீடு கட்டியிருந்தார். சங்குச் சத்தம் கேட்கிற தொலைவுக்கு அப்பால் எந்த இடத்தையும் அவர் பார்க்கவே இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, சாமான்கள் வண்டியில் ஏறிய பின்பு, அம்மா வீடு முழுவதையும் கழுவிவிட்டு வாசலில் கோலம் போட்டார். அடுத்து வருகிறவர்கள் வெறும் வாசலில் கால் வைக்கக் கூடாது என்றார். பின்முற்றத்து அம்மியைத் தூக்க நானும் தம்பியும் குனிந்தபோது அப்பா தடுத்தார். அந்த அம்மி நாம் கொண்டுவந்தது இல்லை, 1950-களில் தாம் குடிவந்தபோதே அங்கே கிடந்தது, முன்னால் இருந்தவர்களும் அதை யாரோ விட்டுப்போனதாகத்தான் சொன்னார்கள் என்றார். அப்படியே விட்டு வந்தோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் சென்றபோது எங்கள் வரிசையில் ஆள் இல்லை. கூரை இறங்கி, முற்றத்தில் சீமைக்கருவேல் மண்டியிருந்தது. முருங்கை நின்ற இடமும் தெரியவில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் இருந்த வரிசை, வீட்டு எண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, உங்களுக்கு முன் யார், பின் யார் என்று நினைவில் உள்ளதை எழுதி அனுப்புங்கள். வீடு வீடாகக் கோத்து ஒரே ஏட்டில் தொகுக்க நான் பொறுப்பேற்கிறேன். 1986க்குப் பிறகு வடக்கு டியில் எங்கள் வரிசைக்குக் குடிவந்தவர்கள் இங்கே யாரேனும் இருந்தால், ஒரு மூலை உடைந்து, நடுவில் குழி விழுந்த அந்த அம்மி உங்கள் காலத்தில் முற்றத்தில் கிடந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.