காலில் மெக்னீசியம் ஸ்க்ரூ, எக்ஸ்ரேயில் கருப்பு வளையம்: திரும்ப ஆபரேஷன் தேவையா?

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை இல்லை. வலது கால் பெருவிரல் சாய்ந்து பக்கத்து எலும்பு புடைத்திருந்தது. ஃபைலில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று இருக்கிறது. நவம்பரில் அக்கா வீட்டுக்கு ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட் போயிருந்தபோது அங்கேயே ஆபரேஷன். செவ்ரான் முறையில் எலும்பை வெட்டி நகர்த்தி, தானாகக் கரையும் மெக்னீசியம் ஸ்க்ரூ ஒன்று போட்டார்கள். பிறகு எடுக்க வேண்டியதில்லை என்பதால்தான் டைட்டானியம் வேண்டாம் என்றோம்.

இப்போது கோவையில் இருக்கிறோம், ஐந்தாவது மாதம். மாலையானால் விரல் மூட்டு வீங்குகிறது, செருப்பு வார் பட்டால் வலி. காய்ச்சல் இல்லை, தையல் போட்ட இடம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி கருப்பாக ஒரு வளையம். இங்குள்ள டாக்டர் கிருமித்தொற்றாக இருக்கலாம், திறந்து ஸ்க்ரூவை எடுத்துவிடலாம் என்கிறார். இந்த வகை ஸ்க்ரூவை அவர் இதுவரை பார்த்ததில்லையாம்.

மெக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், முதல் சில மாதங்களில் இப்படி நிழல் தெரிவது உண்டு என்று படித்தேன். சரி, அது வாயுதான் என்று நான் எப்படி முடிவு செய்வது?

தொற்றோ அழற்சியோ இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள் (சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., வெள்ளணு) எல்லாம் நார்மல். ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் வீக்கம் அப்படியே. சி.டி. ஸ்கேனில் வெட்டிய எலும்பு பெரும்பாலும் கூடிவிட்டது. ஸ்டுட்கார்ட்டுக்கு மெயில் போட்டாயிற்று, பதில் இல்லை.

இந்த ஸ்க்ரூவைக் கையாண்ட எலும்பு டாக்டர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இந்த நிலையில் ஸ்க்ரூவை எடுக்காமல், எக்ஸ்ரே மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாமா?