அப்டேட்: மார்புக்கு இம்பிளாண்ட் மட்டுமா, லிஃப்ட்டும் சேர்த்தா? டாக்டரைப் பாத்துட்டு வந்துட்டனுங்க

போன மாசம் கேட்டிருந்தனுங்க, ரெண்டு கொழந்தைக்குப் பால் குடுத்து, பொறவு 14 கிலோ எடையும் எறங்குனதுல மார்பு தொங்கிப்போச்சு, இம்பிளாண்ட் (மார்புக்குள்ள வெக்கற சிலிக்கான் பை) மட்டும் வெச்சாப் போதுமா, லிஃப்ட்டும் (தொங்கற தோலை எடுத்து மார்பை மேல தூக்கித் தைக்கற ஆபரேஷன்) பண்ணோணுமான்னு. நேத்து கோபியிலிருந்து பஸ் புடிச்சு கோயமுத்தூர் போயி பிளாஸ்டிக் சர்ஜனைப் பாத்தனுங்க. அந்தம்மா கண்ணாடி முன்னால நிக்க வெச்சு, கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரைக்கும் டேப் வெச்சாங்க, 27 சென்டிமீட்டர். மார்புக்கு அடியில இருக்கற மடிப்புக்கும் கீழ காம்பு எறங்கிருச்சுன்னு ஸ்கெட்ச்சுல கோடு போட்டுக் காட்டுனாங்க. இப்படி இருக்கறப்ப இம்பிளாண்ட் மட்டும் வெச்சா மேல நெறையும், காம்பு கீழயே நிக்கும், வெயிட்டுல தோல் இன்னும் தொங்கிப்போகுமாமுங்க.

ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல பண்றாங்கதான், ஆனா லிஃப்ட் தோலை இறுக்குது இம்பிளாண்ட் அதையே விரிக்குது, தையல் பிரியறது, காம்புக்கு ரத்த ஓட்டம் கொறையறதுன்னு ரிஸ்க் கூடுதலாம். இம்பிளாண்ட் ஆயுசுக்கும் வராது, பின்னாடி மாத்தவோ எடுக்கவோ வேண்டி வரும்ங்கறதை எனக்கு இதுக்கு முன்ன ஒருத்தரும் சொல்லலைங்க, அது மனசுக்கு ரொம்பச் சங்கட்டமாப் போச்சு.

எனக்குப் பெருசா வேணும்னு இல்லைங்க, பழையபடி இருந்தாப் போதும். அதனால மொதல்ல லிஃப்ட் மட்டும், தழும்பு இருக்கும், பரவால்ல. ஆறு மாசம் ஆறவுட்டுப் பாத்துட்டு இம்பிளாண்ட் வேணுமான்னு யோசிக்கறேன். மாமாகிட்டச் சொன்னதுக்கு "உனக்கு எது நிம்மதியோ அதையே பண்ணு அம்மிணி"ன்னாரு. தை பொறந்ததும் தேதி வாங்கறமுங்க.