அண்ணி நம்பரையும் எழுதி வையுங்கள்: பழைய பட்டாளத்துக்காரர்களைத் தேடிப் போன அனுபவங்கள்

ஓய்வு பெற்ற ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமென்ட், வேலூர் மாவட்டம்:

எங்கள் பட்டாலியனிலிருந்து ஓய்வு பெற்று இந்தப் பக்கம் குடியிருப்பவர்களின் விவரம் எழுதிய நோட்டு பத்து வருஷமாக என்னிடம் இருக்கிறது. பெயர், ஆர்மி நம்பர், கடைசி ரேங்க், கம்பெனி, ஊர், போன். அதற்கு முன்பு ஒரு சுபேதார் சாப் வைத்திருந்தார். கண் பார்வை மங்கியதும் என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். "மாசம் நாலு பேருக்காவது போன் போடு. விஷயம் இருந்தாத்தான் பேசணும்னு நினைக்காதே" என்றார். அவர் சொன்னதில் பாதியைத்தான் செய்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களும் சொல்லுங்கள்.

2018-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் ஒரே மாவட்டம். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். 1953-ல் அந்தத் தேதியில்தான் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றார். ஆனால் நமக்கு அது போகி, பொங்கல் சமயம், யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அதனால் பொங்கல் முடிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது கல்யாண மண்டபத்தில் கூடுவோம். அந்த வருஷம் அதற்காக வரிசையாகப் போன் போட்டபோது ஒரு லான்ஸ் நாயக்கின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. சிம் மாற்றியிருப்பார், அவரே கூப்பிடுவார் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். மறு வருஷமும் அதே கோடுதான்.

2019 ஆவணியில் ஆலங்காயம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். அவர் ஊர் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். சரி, எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், வாசலில் அவர் மனைவி மட்டும் இருந்தார். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறதாம். அண்ணி மாங்காய் மண்டியில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். பெயர் ஒத்துப் போகவில்லை என்று ஒரு இடத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பியதும் விட்டுவிட்டார். "யாரைக் கேக்கறதுன்னு தெரியலீங்க. அவர் போன்ல உங்க நம்பரெல்லாம் இருந்திருக்கும். போனே உடைஞ்சு போச்சு" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு ட்ரங்க் பெட்டியை இழுத்தார். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் அவருடைய நம்பரும் பெயரும் அழியாமல் இருந்தன. உள்ளே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, மெடல்கள் எல்லாம் வேட்டித் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. டிஸ்சார்ஜ் புக்கில் அண்ணியை வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடத்துப் பெயர். அவ்வளவுதான் சிக்கல். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இறப்புச் சான்றோடு சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெஜிமென்ட்டின் ஆவணங்கள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பினோம். ஏழு மாதம் அலைந்தோம். நிலுவையோடு வந்தது. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமே 9,000 ரூபாய், அதன் மேல் அகவிலை நிவாரணம். அந்தப் பணம் இல்லாமல் ஒரு மனுஷி இரண்டு வருஷம் மூட்டை தூக்கியிருக்கிறார். நான் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியே ஸ்கேல் வைத்து நோட்டில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டேன். தலைப்பு, "அண்ணி நம்பர்". அடுத்த நாலு மாதம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அதைத்தான் கேட்டேன். சிலருக்குச் சொல்லத் தயக்கம். "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரைக் கூப்பிடறது சொல்லுங்க" என்று நேரடியாகக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊரில் யாரும் தொலைந்து போவதில்லை. ஒரு வீட்டில் சங்கதி என்றால் தெருவே வந்துவிடும். ஊருக்கு ஒரே ஒரு பட்டாளத்துக்காரராக இருப்பவர்தான் தொலைகிறார். தேடிப் போக வேண்டியது அவரைத்தான்.

என் நோட்டில் இன்னும் நிரம்பாத வரி ஒன்று இருக்கிறது. எங்கள் கம்பெனியில் மூன்று முருகன்கள். ஆர்மி நம்பரின் கடைசி இரண்டு எண்ணைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். 12 முருகன் குடியாத்தத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். 83 முருகன் கொரோனாவில் போய்விட்டார். 47 முருகன் 1999-ல் டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர், அப்புறம் யாரும் பார்க்கவில்லை. சொந்த ஊரில் விசாரித்தால் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார் என்கிறார்கள். நல்ல உயரம், வலது கையில் வேல் பச்சை குத்தியிருப்பார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற நாயக், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை), தேனி மாவட்டம்:

அண்ணே, நீங்கள் சொன்ன தனி ஆள் கதை எங்களிடமும் உண்டு. ஆண்டிபட்டிப் பக்கம் ஒருவர் எட்டு வருஷ சர்வீஸில் வெளியே வந்தவர். அப்பா இறந்து, தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஜவான்களுக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 15 வருஷம் முடிக்க வேண்டும். அதனால் அவருக்கு ஒன்றும் கிடையாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். சந்திப்புக்கு மூன்று முறை அழைத்தும் வரவில்லை. நாலாவது முறை நேரில் போனபோதுதான் காரணம் சொன்னார்: "அங்க எல்லாரும் பென்சன்காரங்க. நான் பாதியில வந்தவன். எனக்கு அங்க என்னப்பா வேலை?"

அவர் சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நாமே நம் கூட்டத்துக்கு ஓய்வூதியர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஓய்வூதியம் இல்லாதவரை வெளியே நிற்க வைத்திருக்கிறோம்.

65 வயதைத் தாண்டிய, ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் ரேங்க் வரைக்குமான முன்னாள் படைவீரர்களுக்கு கேந்திரிய சைனிக் போர்டு என்கிற மத்திய படைவீரர் நல வாரியம் வழியாக வறுமை உதவித்தொகை உண்டு. விதவைகளுக்கும் உண்டு. 2017-ல் அதை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 4,000 ஆக உயர்த்தினார்கள். நாங்கள் 2019-ல் அவருக்கு விண்ணப்பம் போட்டோம். பணம் வந்தபோது அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெங்களூருக்குக் கூட்டிப் போனதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள எங்கள் பயிற்சி சென்டருக்குள் நுழைந்ததும், தான் ரெக்ரூட்டாக ஓடிய மைதானம் எது என்று எங்களுக்குக் காட்டினார். அங்கே மெட்ராஸ் சாப்பர் யாராக இருந்தாலும் "தம்பி"தான். வாசலில் நின்ற சின்னப் பையன் ஒருவன், 68 வயசுக்காரரைப் பார்த்து, "வாங்க தம்பி சாப்" என்றான். அதற்கு மேல் அவர் பாதியில் வந்தவர் என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

ஒரு படைவீரரின் மகள், கோயம்புத்தூர்:

நான் மறுமுனையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குத் தன்னார்வலர் வந்த கதை.

அப்பாவுக்கு 78 வயது. ஓய்வூதியம் தொடர வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். தோட்ட வேலை செய்து செய்து கைரேகை தேய்ந்துவிட்டது. மெஷினில் மூன்று முறை வைத்தும் ஏறவில்லை. அப்பா கோபப்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "நான் உயிரோட இருக்கேன்னு என் விரலே சொல்லலைன்னா விட்டுடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவின் பழைய நண்பர் மூலமாக ஒரு ஓய்வு பெற்ற நாயப் சுபேதாருக்குச் செய்தி போய், மறுநாள் காலையில் அவர் பைக்கில் வந்து நின்றார். ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தை வைத்தே பதிவு செய்யலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அப்பா பரேடில் நிற்கிற மாதிரி இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நாயப் சுபேதார்தான் பொறுமையாக, "சாப், ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க" என்று சொல்லிச் சொல்லி முடித்தார். போன் இல்லாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து தருவார், 70 ரூபாய்தான் கட்டணம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் கிளம்பவில்லை. "சாப் எந்த பட்டாலியன்?" என்று கேட்டார். "16 மெட்ராஸ்." "71-ல பசந்தர்ல இருந்தீங்களா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினார். 1971 பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்தது, டிசம்பர் குளிரில் இடுப்பு வரை நனைந்தபடி ராத்திரி முழுக்க மண்ணைத் தோண்டி உட்கார்ந்தது, சாப்பர்கள் கண்ணிவெடிகளை எடுத்து வழி பண்ணும்வரை டாங்கிகள் வராமல் காத்திருந்தது, தங்கள் சி.ஓ. (பட்டாலியன் தலைவர்) லெப்டினன்ட் கர்னல் காய் அந்தச் சண்டையில் இறந்தது. அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்ததைச் சொல்லும்போது அப்பாவின் குரல் உடைந்தது. எனக்கு 49 வயது. இதில் ஒரு வார்த்தைகூட நான் அதுவரை கேட்டதில்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை, அந்த அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது மாதம் ஒரு முறை வருகிறார். அவர் வரும் நாளில் அப்பா காலையிலேயே ஷேவ் செய்துகொள்கிறார்.

பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்:

நான் 1988-லும் 89-லும் இலங்கையில் அமைதிப் படையில் இருந்தவன். தமிழ் தெரியும் என்பதால் சோதனைச் சாவடியில் எப்போதும் என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அங்கே ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. அமைதிப் படை அங்கே இருந்த இரண்டரை வருஷத்தில் நம் பக்கம் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். திரும்பி வந்தபின் அதைப் பற்றிக் கேட்க யாரும் தயாராக இல்லை. நானும் பேசவில்லை.

எங்கள் பிளட்டூனில் இருந்தவர்கள் வருஷம் ஒரு முறை கூடுவோம், ஒன்பது பேர்தான். மேடை கிடையாது, மாலை கிடையாது. கறி சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். பாதி நேரம் யாரும் பேச மாட்டோம். எனக்கு அது போதும். பெரிய கூட்டம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட சின்னக் கூட்டங்களையும் உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் பெரிய மண்டபத்துக்கு வர மாட்டோம், ஆனால் இருக்கிறோம்.

ஓய்வு பெற்ற சுபேதார், நீலகிரி:

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு வரும் பெரியவர்களைக் கவனிக்கும் வேலையைச் சில வருஷம் செய்தேன். பாலக்காடு, மைசூர், கடப்பா என்று நாலு மாநிலத்து ஆட்களும் வருவார்கள். மலையாளம், கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்த பழைய பட்டாளப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடும். படைவீரர்கள் தங்கும் ஸ்ரீநாகேஷ் பாரக்ஸைப் பார்த்ததும் மேலே ஏற வேண்டும் என்பார்கள். முழங்கால் விடாது. நாற்காலியைக் கீழேயே போட்டு வைப்பது, கம்பளி கூடுதலாக வாங்கி வைப்பது, மாத்திரைச் சீட்டின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்வது, இதெல்லாம் தன்னார்வலர் பார்க்க வேண்டிய வேலை. படா கானா என்கிற பெரிய விருந்து எப்படியும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு வருஷம், கணவரை இழந்த ஒரு அம்மா, அவர் பெயருக்கு வந்த அழைப்பிதழை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டார். அவர் இறந்தது எங்களுக்குத் தெரியாது. வாசலில் நின்று, "அவருக்குத்தான் போட்டிருக்கீங்க, நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டார். மறு வருஷத்திலிருந்து எங்கள் பகுதி அழைப்பிதழ்களில் இரண்டு பெயரையும் எழுதுகிறோம். அன்றைக்கு "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தை எல்லோரும் முழங்கியபோது அந்த அம்மாவும் வாய்விட்டுச் சொன்னார். கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது கேட்டுப் பழகியதாம்.

ஓய்வு பெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்:

ராமநாதபுரம் அண்ணே, உங்கள் ஒன்பது பேரையும் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். யாரையும் மேடைக்குக் கூப்பிட மாட்டோம். ஒன்பது அண்ணிகளின் நம்பரை மட்டும் கொடுங்கள்.

தேனித் தம்பி, எங்கள் சங்கத்துப் பெயரை மாற்ற வேண்டும் என்று வரும் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். என் நோட்டில் 15 வருஷம் முடிக்காதவர்கள் இரண்டே பேர். அவ்வளவு குறைவாக இருக்க முடியாது. மற்றவர்களை நாங்கள் எழுதாமலே விட்டிருக்கிறோம்.

ஓய்வு பெற்ற சிக்னல்மேன், ஓசூர்:

47 முருகன் அண்ணன் பற்றி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் ரோட்டில் ஒரு கிரானைட் கம்பெனி வாசலில் ராத்திரி வாட்ச்மேனாக ஒரு பெரியவர் இருக்கிறார். நல்ல உயரம். இரண்டு முறை அவரிடம் தீப்பெட்டி வாங்கியிருக்கிறேன். கையில் பச்சை இருந்ததா என்று கவனிக்கவில்லை, முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஆனால் கேட்டைத் திறந்து லாரியை உள்ளே விட்டதும் காலைச் சேர்த்து நின்றார். அது பட்டாளத்தில் பழகாமல் வராது. பெயரைக் கேட்டேன், முருகன் என்றார்.

ஓய்வு பெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்:

தம்பி, அவரிடம் இப்போதைக்கு எதுவும் கேட்க வேண்டாம். நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். குடியாத்தம் 12 முருகனும் கூட வருகிறார், போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கேட்டில் நின்று கடைசி இரண்டு எண்ணை மட்டும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறோம். ராத்திரி டியூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.