அடர்லி தாண்டி யானைக்காக நின்ன மலை ரயில்

ஊட்டி மலை ரயில்ல போகும்போது யானை பார்த்தவங்க சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க, என்னோடது இது. ரெண்டு வருஷம் முன்னாடி ஜனவரில அப்பாவைக் கூட்டிட்டு மேட்டுப்பாளையத்துல காலைல 7.10 வண்டி ஏறினேன், அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், நீராவி இன்ஜின்னா அவருக்கு உசுரு.

எங்களுக்குக் கிடைச்சது முதல் பெட்டி. மேல ஏறும்போது இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளிட்டுத்தான் வரும், அதனால டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. பெட்டிக்கு ஒருத்தர் பிரேக்ஸ்மேன், அதாவது பிரேக் போடுறவர், கொடியோட நிப்பாரு, முன்னாடி நிக்கிறவர் காட்டுற கொடி பெட்டி பெட்டியா பின்னாடி இன்ஜின் வரைக்கும் போகணும்.

கல்லாறு வரைக்கும் சாதாரண ரயில்தான். அதுக்கப்புறம் இன்ஜினோட பல் சக்கரம் கடிச்சு ஏற தண்டவாளத்துக்கு நடுவுல பல் பட்டை ஆரம்பிக்குது, வேகம் அப்படியே குறைஞ்சிடுது, ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏத்தம்ங்க. அப்பா ஜன்னல்ல காதை வச்சுக்கிட்டு, "நாலு சிலிண்டர்டா, ரெண்டு சாதா சக்கரத்துக்கு, ரெண்டு பல் சக்கரத்துக்கு, சக்கரத்தைத் தள்ளிட்டு வர்ற அதே ஆவிதான் மறுபடி பல்லையும் சுத்துது"ன்னு சொல்லிட்டே வந்தாரு.

அடர்லி ஸ்டேஷன் தாண்டி ஒரு வளைவு. பிரேக்ஸ்மேன் சட்டுனு சிவப்புக் கொடியை நீட்டினாரு, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்னுச்சு. நாப்பது அடி தள்ளி தண்டவாளத்து மேலயே ரெண்டு பெரிய யானை, கூட ஒரு குட்டி. குட்டியோட முன்னங்கால் பல் பட்டைல பட்டு வழுக்குது, எடுக்குது, மறுபடி வைக்குது, தாய் தும்பிக்கையால பின்னாடி இருந்து மெதுவா முட்டிக் கொடுக்குது. பெட்டில யாரோ விசில் அடிச்சாங்க, பிரேக்ஸ்மேன் திரும்பி ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க, அதோட கப்சிப். பின்னாடி ஆவி புஸ்ஸுன்னு விடுற சத்தம் மட்டும். பத்து நிமிஷம் இருக்கும், மூணும் பள்ளத்துப் பக்கம் மூங்கிலுக்குள்ள இறங்கிடுச்சு, மூங்கில் ஒடியற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. பிரேக்ஸ்மேன் அப்பவும் பச்சைக் கொடி காட்டல, சத்தம் முழுசா அடங்குறவரைக்கும் காத்திருந்தாரு.

அடுத்த ஸ்டேஷன் ஹில்குரோவ்ல இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்க நிறுத்தினாங்க. அப்பா நேரா இன்ஜினைப் பார்க்கத்தான் ஓடுவாருன்னு நினைச்சேன். பிளாஸ்க்கை எடுத்துட்டு முன்னாடி போயி அந்த பிரேக்ஸ்மேனுக்கு மூடில காபி ஊத்திக் கொடுத்து, அவர் குடிச்சு முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு.