‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’: பெங்களூரு கடைக்காரர்கள் செய்தது சரியா?

வரிவக்கீல்
2025 ஜூலையில் பெங்களூரு பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘நோ யுபிஐ’ என்று எழுதி ஒட்டினார்களே, அது பற்றித்தான். கர்நாடக வணிக வரித்துறை 2021-22 முதல் நான்கு ஆண்டு யுபிஐ வரவுகளை எடுத்துப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவில்லாமல் வரம்பைத் தாண்டியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரி வழக்கு நடத்திப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நோட்டீஸ் அனுப்பியதில் தப்பில்லை. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவே வேண்டாம். அதாவது தினமும் ஏறக்குறைய 11,000 ரூபாய் வியாபாரம். அதற்கு மேல் போனாலும் 1.5 கோடி வரை காம்போசிஷன் என்ற சுலப வரித் திட்டம் இருக்கிறது. வியாபாரி 1 சதவீதம் கட்டினால் போதும். காலாண்டுக்கு ஒரு சின்னப் படிவம், வருஷத்துக்கு ஒரு ரிட்டர்ன். இதைச் செய்யாமல் செல்போன் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

மாதச்சம்பளம்
அப்படிப் போடுங்கள். என் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்த பிறகுதான் மிச்சம் கைக்கு வருகிறது. ‘இந்த மாதம் ஒன்லி கேஷ்’ என்று ஹெச்ஆரிடம் நான் சொல்ல முடியுமா?

பேக்கரி_மருமகன்
வக்கீல் சார், மாமா கே.ஆர்.புரத்தில் பேக்கரி வைத்திருக்கிறார். நோட்டீஸ் வரவில்லை, ஆனாலும் பயந்துபோய் க்யூஆரை எடுத்துவிட்டார். தினம் 11,000 என்றால் கேட்க பெரிதாக இருக்கும். அதில் பாதிக்கு மேல் பால் பாக்கெட்டும் சிகரெட்டும். இரண்டிலும் நிற்பது ஒன்றிரண்டு ரூபாய். கல்லாவில் விழுவதை எல்லாம் வருமானம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அதிகாலையில் வந்து பால் டிரே இறக்கிப் பார்க்கட்டும்.

அப்புறம் ஹாவேரி காய்கறிக்காரர் கதை ஊருக்கே தெரியும். நான்கு ஆண்டில் 1.63 கோடி வரவு, அதற்கு 29 லட்சம் கேட்டு நோட்டீஸ். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், 1.63 கோடிக்கு 18 சதவீதம் போட்டால் 29 லட்சம் சொச்சம் வரும். தக்காளிக்கும் கத்திரிக்காய்க்கும் 18 சதவீதமா?

வரிவக்கீல்
தம்பி, ஹாவேரி விஷயத்தில் துறைக்காக நான் வாதாடப் போவதில்லை. பதப்படுத்தாத காய்கறிக்கு வரியே கிடையாது. வரிவிலக்குப் பொருளை மட்டுமே விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்ய வேண்டாம், ஜிஎஸ்டி சட்டத்தின் 23-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கொள்முதல் சீட்டுகளோடு ஒரு பதில் கடிதம் கொடுத்தால் முடியவேண்டிய சமாச்சாரம்.

உங்கள் மாமா கடை அப்படியில்லை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாலுக்கு வரி இல்லைதான், ஆனால் பக்கத்திலேயே பிஸ்கட்டும் விற்றால், வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது பால் விற்ற பணமும் மொத்த விற்றுமுதலில் சேரும். இன்னொன்று, கடையிலேயே டீ ஆற்றிக் கொடுக்கிறாரா? சட்டத்தின் கண்ணுக்கு அது சேவை. சேவை கலந்துவிட்டால் வரம்பு 40 லட்சம் இல்லை, 20 லட்சம். தினம் 5,500 ரூபாய்கூட வராது.

கட்டற்ற_நிரல்
அட, இதைச் சொல்லிவிட்டு ‘செல்போன் மேல் பழி போடாதே’ என்கிறீர்களே! ஒரு டம்ளர் டீ ஆற்றினால் வரம்பு பாதியாகும் என்று எந்தக் கடைக்காரருக்குத் தெரியும்? 2016-ல் யுபிஐ வந்ததிலிருந்து ‘வாங்குங்கள், வாங்குங்கள்’ என்று சொன்னது அரசாங்கம். 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிக்குக் கட்டணமும் இல்லை என்றார்கள். சவுண்ட் பாக்ஸ் கத்தாத கடையே இல்லை என்று ஆனதும் அதே கணக்கை எடுத்து நோட்டீஸ்.

இத்தனைக்கும் அந்த டேட்டாவில் என்ன இருக்கிறது? இவ்வளவு பணம் வந்தது என்பது மட்டும். மச்சான் திருப்பிக் கொடுத்த கடனா, சீட்டு எடுத்த பணமா, பன் விற்ற காசா என்று அதற்குத் தெரியாது. சின்னக் கடைகளில் பாதிப் பேர் சொந்த நம்பருக்கான க்யூஆரைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது எதற்கு?

வரிவக்கீல்
அதே தீர்ப்பு, சட்டம் இருந்து, நியாயமான நோக்கமும் அளவும் இருந்தால் அரசு அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. வரி வசூல் அப்படி ஒரு நோக்கம்தான். அளவு பற்றி வேண்டுமானால் சண்டை போடலாம்.

நீங்கள் சொல்லாமல் விட்ட இன்னொரு பக்கம் இருக்கிறது. வருமான வரியில் சிறு வியாபாரிகளுக்கான உத்தேச லாபக் கணக்கின்படி ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். யுபிஐ, வங்கி வழியாக வந்தால் 6 சதவீதம் போதும். 50 லட்சம் வியாபாரம், எல்லாம் யுபிஐ என்றால் லாபம் 3 லட்சம். புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி இல்லை. ஒரு ரூபாய் கட்டாமல் வருஷா வருஷம் ரிட்டர்ன் போடலாம். அந்த ரிட்டர்ன் இருந்தால் வங்கியில் போய் நிற்கலாம், இல்லையென்றால் தினவட்டிக்காரன் வாசல்தான். ரொக்கத்துக்குத் திரும்பினால் உங்கள் மாமாதான் நஷ்டப்படுவார்.

கன்டோன்மென்ட்
எல்லாரும் அரசியலை விட்டுவிட்டீர்கள். மாநிலத்துக்குச் சம்பந்தமில்லை என்று கர்நாடக அரசுத் தரப்பில் சிலர் சொல்ல, நோட்டீஸ் அனுப்பியதே மாநில வணிக வரித்துறைதான் என்று மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி திருப்பிக் கொடுத்தார். ஜூலை 25-ல் கடையடைப்பு என்றதும் முதல்வர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்றார். இலவசத் திட்டங்களுக்குக் காசு வேண்டும், அதற்கு டீக்கடையா கிடைத்தது?

வரிவக்கீல்
வரம்பையும் விகிதத்தையும் பரிந்துரைப்பது ஜிஎஸ்டி கவுன்சில். எல்லா மாநிலமும் அதில் உட்கார்ந்திருக்கிறது. எனவே மத்திய அரசு கை கழுவ முடியாது. நோட்டீஸில் கையெழுத்து போட்டது மாநில அதிகாரி. எனவே மாநிலமும் கை கழுவ முடியாது. எனக்கு உறுத்துவது அந்த வாக்குறுதிதான். முதல் வருஷமே பதிவு செய்து ஒழுங்காகக் கட்டிய பேக்கரிக்காரர் எதிர்த்த கடையைப் பார்த்து என்ன நினைப்பார்?

மாதச்சம்பளம்
அதையேதான் நானும் கேட்கிறேன்.

பேக்கரி_மருமகன்
மாதச்சம்பளம் சார், பெட்ரோல் பங்க் வரை எல்லாரும் வரி கட்டுகிறோம். அந்த நான்கு ஆண்டில் மாமா விற்ற சிகரெட்டுக்குக் கம்பெனி வாசலிலேயே அப்போதிருந்த 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் கட்டியாகிவிட்டது. பதிவு இல்லாததால் அந்த இன்புட், அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடைக்காது. நாலு வருஷம் கழித்து வந்து முழு விற்பனைக்கும் மறுபடி வரி, மேலே 18 சதவீத வட்டி. இதற்கு ஏய்ப்பு என்று பெயர் வைத்தால் எப்படி?

இன்னொன்று வக்கீல் சார். எங்கள் தெருவில் அத்தை பெயரில் ஒரு க்யூஆர், பையன் பெயரில் ஒன்று என்று பிரித்து ஒட்டச் சொல்கிறார்கள். அது செல்லுமா?

வரிவக்கீல்
வேண்டவே வேண்டாம். கடை ஒன்று, லைசென்ஸ் ஒன்று, சரக்கு வாங்கும் பில் ஒரே பெயரில். மூன்று பேர் கணக்கையும் கூட்டி ஒரே கடை என்று காட்ட அதிகாரிக்கு ஒரு மதியம் போதும். அப்போதுதான் உண்மையிலேயே ஏய்ப்பு ஆகும், அபராதமும் வேறு மாதிரி வரும். நடப்புக் கணக்கு ஒன்று திறந்து வியாபார க்யூஆர் வாங்குங்கள். சீட்டுப் பணம், கைமாற்று எதுவும் அதில் வரக்கூடாது. பால் பில்லைத் தனி ஃபைலில் போடுங்கள். காம்போசிஷனில் வியாபாரியின் 1 சதவீதம் வரிக்குரிய விற்பனை மேல்தான், பால் விற்ற பணம் அதில் சேராது.

கட்டற்ற_நிரல்
வியாபார க்யூஆர் வாங்கிய மறுவாரமே ‘உங்களுக்குக் கடன் தயார்’ என்று ஆப் கூவ ஆரம்பிக்கும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேக்கரி_மருமகன்
மாமாவிடம் பேசினேன். க்யூஆரைத் திரும்ப மாட்டுகிறேன், ஆனால் சிகரெட்டுக்கு ரொக்கம் மட்டும்தான் என்கிறார்.

வரிவக்கீல்
அந்த ரொக்கமும் விற்றுமுதல்தான் தம்பி. வாங்கிய பில் டீலரிடம் இருக்கும்.

பேக்கரி_மருமகன்
தெரியும் சார். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் பத்து பைசா வாங்க முடியாது, காம்போசிஷனில் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவும் கூடாது. உங்கள் 1 சதவீதம் அந்த ஒன்றிரண்டு ரூபாயிலிருந்துதான் போக வேண்டும். அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.