மின்னியதெல்லாம் செல்லுக்குள் போனதில்லை

எலகங்காவிலிருந்து:

சேலத்திலிருந்து பெங்களூர் வந்து ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் துகளுக்கு எல்டிஎல் என்று பெயர்; 'கெட்ட கொழுப்பு' என்பார்களே, அதுதான். ஹெப்ஜி2 என்ற கல்லீரல் செல்கள் எவ்வளவு எல்டிஎல்லை உள்ளே இழுக்கின்றன என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அதற்காக டைஐ (DiI) என்ற சாயம் ஏற்றிய எல்டிஎல் வாங்கியிருந்தார்கள். இந்தச் சாயம் எல்டிஎல் துகளின் கொழுப்பில் உட்கார்ந்துகொள்ளும். 550 நானோமீட்டர் பக்கம் ஒளி கொடுத்தால் ஆரஞ்சு நிறத்தில் மின்னும்.

முதல் நாளே மைக்ரோஸ்கோப் திரை முழுக்கப் பளிச்சென்று பெரிய பெரிய புள்ளிகள். சந்தோஷம் தாங்காமல் சீனியர் அக்காவைக் கூட்டி வந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் தட்டை நகர்த்தினார். செல்லே இல்லாத இடத்திலும் அதே புள்ளிகள்.

"குப்பியை எங்கே வச்சிருந்தே?"

"மைனஸ் 20-ல, அக்கா."

எல்டிஎல்லை உறைய விடவே கூடாதாம். உறைந்து உருகினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒரு துகளின் அளவே சுமார் 22 நானோமீட்டர்தான். நான் பார்த்தது அத்தனையும் கட்டி. 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் அக்கா கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். முதலில் எல்டிஎல் போன்ற கொழுப்புத் துகள்களை (லிப்போபுரோட்டீன்) நீக்கிய சீரத்தில் செல்களை ஒரு நாள் பட்டினி போட வேண்டும். கொழுப்பு கிடைக்காத செல், எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளை அதிகமாகச் செய்துகொள்ளும். பிறகு மூன்று தட்டுகளில் டைஐ எல்டிஎல் கொடுத்துப் பார்த்தோம். ஐஸ் மேல் வைத்த முதல் தட்டில் செல்லின் ஓரத்தில் மட்டும் மெல்லிய மினுக்கம்; குளிரில் எல்டிஎல் ஒட்டும், உள்ளே போகாது. 37 டிகிரியில் வைத்த இரண்டாவதில் செல்லுக்குள்ளே, கருவை ஒட்டி, கேழ்வரகு மணி கொட்டின மாதிரி புள்ளிகள். மூன்றாவது தட்டில் சாயமில்லாத எல்டிஎல்லைப் பல மடங்கு சேர்த்திருந்தோம். அது ஏற்பிகளை அடைத்துக்கொண்டதால் அந்தத் தட்டு கிட்டத்தட்ட இருட்டு. அந்த இருட்டைப் பார்த்த பிறகுதான், இரண்டாவது தட்டின் வெளிச்சம் ஏற்பி வழியாக உள்ளே போனதுதான் என்று நம்பினேன். அந்த மூன்றாவது தட்டு இல்லாமல் யாராவது படம் காட்டினால் இன்றும் எனக்கு மனசு ஒப்பாது.

ஜாலஹள்ளியிலிருந்து:

தம்பி, எனக்கு இருட்டை நம்புவதுதான் கஷ்டமாக இருந்தது. பரம்பரையாக எல்டிஎல் ஏறும் நோயா என்று பார்க்க, 8 வயதுப் பிள்ளையின் ரத்தம் எங்களிடம் வந்தது. முழங்கையில் மஞ்சள் முடிச்சுகள் இருந்ததாக டாக்டர் எழுதியிருந்தார். பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதே நோய் உள்ளவர்களின் தோல் செல்களை வைத்துத்தான் எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1985-ல் நோபல் வாங்கினார்கள். அவர்கள் முதலில் பயன்படுத்தியது கதிரியக்க அயோடின் ஏற்றிய எல்டிஎல். நமக்குச் சாயம் இருப்பது பெரிய வசதி.

ரத்தத்திலிருந்து லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களைப் பிரித்து, பட்டினி போட்டு, டைஐ எல்டிஎல் கொடுத்து, ஒவ்வொரு செல்லின் மினுக்கத்தையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். வெளிச்சமே இல்லை. கைப்பிசகோ, எல்டிஎல் கெட்டுவிட்டதோ என்று பயம். ஒரு பிள்ளையின் வைத்தியம் இதில் இருக்கிறதே. எல்டிஎல்லைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பெரும்பாலும் ஏற்பியைக் கூட்டித்தான் வேலை செய்கிறது. ஏற்பியே இல்லாத பிள்ளைக்கு அது அவ்வளவாகக் கைகொடுக்காது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இயந்திரம் வைத்து வடிகட்ட வேண்டிவரும்.

மறுபடியும் ரத்தம் கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை அப்பா அம்மாவுடையதும் வந்தது. என் கையிலிருந்தும் எடுத்து, நாலையும் ஒரே நாளில் ஓட்டினேன். என்னுடையது நன்றாக மின்னியது. அப்பா, அம்மா இருவருடையதும் அதில் பாதியளவு. பிள்ளையுடையது அதே இருட்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குறை பிள்ளைக்கு வந்திருக்கிறது; கைப்பிசகு இல்லை. அன்று சாயங்காலமே டாக்டருக்கு போன் செய்தேன்.